தலையெழுத்தும் தலைக்குள் ஓடும் இழையும்

மண்டை ஓட்டின்மேல் நெளிநெளியாகச் சில கோடுகள் ஓடுகின்றன. எலும்புத் தகடுகள் பல்லோடு பல் பொருந்தினாற்போல் ஒன்றையொன்று கவ்விக்கொண்ட இடங்கள் அவை. பிறக்கும் வேளையில் குழந்தையின் தலை நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். பிறந்த பின் மூளை வளர இடம் வேண்டும். அதற்கென அமைந்த பொருத்துவாய்கள். உடற்கூறு பயிலும் மாணவனுக்கு இது தொடக்கப் பாடம். ஆனால், அந்தக் கோடுகளுக்கு நம் நாட்டார் இட்ட பெயர் என்ன? தலையெழுத்து! பிரமன் எழுதியது, அழியாதது, மாற்றவொண்ணாதது என்றனர். எந்த மொழியில் எழுதினான், எவர் படித்துக் காட்டினார் என்று கேட்டவனை வம்புக்காரன் என்றனர்.

உழுதவன் பட்டினி கிடந்தால் தலையெழுத்து. கைம்பெண் மூலையில் முடங்கினால் தலையெழுத்து. கூலிக்காரன் மகன் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் காணாவிட்டால் அதுவும் தலையெழுத்து. கொடுமை செய்தவன் தப்பிக்க, கொடுமைக்கு ஆளானவன் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள, இதைவிட வசதியான கற்பனையை வேறெவரும் படைத்ததில்லை.

ஓட்டின்மேல் எழுத்து இல்லை. ஓட்டுக்கு உள்ளே இழை உண்டு. அதை எழுதியவர் எவருமில்லை. அது வளர்கிறது, தேய்கிறது, பயிற்சியால் மாறுகிறது. அந்த இழையை மனிதன் கண்டறிந்த வரலாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு. நம் சென்னைக்கும் அதில் பங்குண்டு. அதனைக் காண்போம், தோழர்களே!

அளவுகோல் ஏந்திய காலம்

உள்ளே செல்லுமுன், வெளியே நின்று அளந்தவர்களைப் பற்றி ஒரு சொல். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணத்து மக்களைச் சாதி வாரியாக நிறுத்தித் தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் ஆகியவற்றைக் கருவி கொண்டு அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த நூல் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதே காலத்தில் வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி ஒருபடி மேலே போனார். மூக்கு அகலமாக ஆக, சமூகத்தில் ஒருவனுடைய படிநிலை தாழ்ந்து போகிறது என்று ஓர் இயற்கை விதியைப் போலவே எழுதிவைத்தார்.

பழைய புரோகிதன் ஓட்டிலே எழுத்தைக் கண்டான். புதிய துரை மூக்கிலே எண்ணைக் கண்டார். முன்னவன் கையில் ஏடு, பின்னவர் கையில் இரும்புக் கருவி. முடிவு மட்டும் ஒன்றே: மேலிருப்பவன் மேலே இருக்கவே பிறந்தான்! அளவு எடுத்ததில் பிழை இல்லாமல் இருக்கலாம். எலும்பை அளந்துவிட்டு அறிவுக்கும் தகுதிக்கும் தீர்ப்பு எழுதியதுதான் பெரும்பிழை. கருவி கையில் இருந்தால் மட்டும் அது அறிவியல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும். கருவிகள் நுட்பமாகிக்கொண்டே போகும். ஆசை அப்படியே இருக்கும்.

கத்தியும் பனியும்

மூளையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். மேற்புறத்தில் மெல்லிய சாம்பல் நிற அடுக்கு. உள்ளே வெண்ணிறத் திரள். 1543-இல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில் வெசாலியசு இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். வெண்மை எதனால் வந்தது, அதன் வேலை என்ன என்பது அன்று எவருக்கும் தெரியாது.

1665-இல் பாரிசில் நிக்கோலசு சுடெனோ என்ற டென்மார்க்கு அறிஞர் மூளையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மூளையைப் பற்றித் தாம் அறிந்தது மிகச் சொற்பம் என்று தொடங்கியவர் அவர். ஆன்மா எங்கே அமர்ந்திருக்கிறது என்று பெரியோர் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், வெண்பொருளுக்குள் இழைகள் ஒழுங்குற அமைந்துள்ளன, அவை எங்கிருந்து எங்கே செல்கின்றன என்று பின்தொடர்ந்து போவதே ஆராய்ச்சிக்கு உகந்த வழி என்று சொன்னவர் அவர். வழி காட்டினார்; கருவி இல்லை. 1684-இல் பிரான்சின் ரேமோன் வியூசன்சு மூளையை எண்ணெயில் வேகவைத்து, இறுகிய பொருளைச் சுரண்டிச் சுரண்டி இழைக்கற்றைகளைத் தொடர்ந்து சென்றார். 1935-இல் சுவிட்சர்லாந்தின் யோசப்பு கிளிங்லர் வேறு வழி கண்டார். பதப்படுத்திய மூளையை உறைய வைத்தார். இழைகளுக்கு இடையே பனிப்படிகம் உருவாகி அவற்றை மெல்ல விலக்கியது. பனி உருகியதும் மரச்சிராய் கொண்டு இழை இழையாகப் பிரித்தெடுக்க முடிந்தது. மூளை அறுவை மருத்துவம் பயில்வோர் இன்றும் அந்த முறையிலே பயிற்சி பெறுகின்றனர்.

இத்தனையும் பிணத்தின் மூளையில். நினைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற மனிதனின் தலைக்குள் இழை எப்படி ஓடுகிறது என்று பார்க்க, கத்தியால் ஆகாது.

இழையின் இயல்பு

வெண்பொருள் என்பது என்ன? தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 1931-இல் அந்தப் பாதை மின்மயமாகிய பிறகே பல்லாவரமும் குரோம்பேட்டையும் நகரோடு நெருங்கின. நிலையங்கள் எத்தனை இருந்தாலும் தண்டவாளம் இல்லையேல் அவை தனித்தனித் தீவுகள். மூளையின் சாம்பல் பொருள் நிலையங்கள், வெண்பொருள் தண்டவாளம். நரம்பு உயிரணுவிலிருந்து நீளும் இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கின்றன. இழையைச் சுற்றி மயலின் எனும் கொழுப்புறை. வெண்மை அந்தக் கொழுப்பின் நிறமே. மின்கம்பிக்கு மேலுறைபோல் அது இருப்பதால், செய்தி பல மடங்கு விரைவாகச் செல்கிறது. உறை சிதைந்தால் நடை தளரும், பார்வை மங்கும், சொல் குழறும்.

இருபது வயதினரின் மூளையில் இத்தகைய உறையிட்ட இழைகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்தால், சராசரியாக ஆணுக்கு 1,76,000 கிலோமீட்டரும் பெண்ணுக்கு 1,49,000 கிலோமீட்டரும் வரும் என்று டென்மார்க்கு ஆய்வாளர்கள் 2003-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். உலகத்தை ஏறத்தாழ நான்கு முறை சுற்றிவரும் நீளம்! ஆண்டானுக்கும் அவ்வளவுதான், அடிமைக்கும் அவ்வளவுதான்.

காணாமல் வெட்டிய காலம்

1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார் மருத்துவர் பி. இராமமூர்த்தி. அவரோடு வி. பாலசுப்பிரமணியம் சேர்ந்தார். பின்னர் டி. எஸ். கனகா சேர்ந்தார். 1968-இல் நரம்பு அறுவையில் உயர்பட்டம் பெற்ற கனகா, இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர். பெண்ணுக்கு அடுப்பங்கரை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், மண்டையைத் திறக்கும் கருவியை ஒரு பெண் கையில் எடுத்தாள் என்பதே ஒரு புரட்சி.

மண்டையில் சிறு துளையிட்டு, உலோகச் சட்டத்தின் அளவுகளைக் கொண்டு, மூளையின் ஆழத்தில் குறித்த ஒரு புள்ளியை ஊசி முனையால் அடையும் அறுவையில் சென்னை புகழ் பெற்றது. 1973-இல் பாலசுப்பிரமணியமும் கனகாவும் தம் குழுவினரோடு, போதைப் பழக்கத்திலிருந்து விடுவிப்பதற்காகச் சிங்குலம் என்னும் வெண்பொருட் கற்றையைத் துண்டித்த அறுவைகளைப் பற்றி எழுதி வெளியிட்டனர். இன்று அத்தகைய அறுவை நியாயந்தானா என்று உலகமே கேட்கிறது. மனத்தை மாற்ற மூளையை வெட்டுவதற்கு எதிராக அன்றே குரல்கள் எழுந்தன. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தாம் வெட்டப்போகும் கற்றையை, படுத்திருக்கும் அந்த மனிதனின் தலைக்குள் அவர்களால் காண முடியவில்லை. மூளையின் உள்ளறைகளை எக்சு கதிரில் காட்டி, வேறொருவரின் மூளையை அறுத்து வரைந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, இடத்தைக் கணித்தனர். ஒருவன் ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு மற்றொருவன் ஊரில் நடப்பதுபோல!

காந்தம் கண் திறந்தது

கண் திறந்தது மருத்துவமனையில் அன்று, இயற்பியல் கூடத்தில். 1946-இல் அமெரிக்காவில் ஃபெலிக்சு பிளாக்கும் எட்வர்டு பர்செலும் தனித்தனியே ஒன்றைக் கண்டனர். வலிய காந்தப் புலத்தில் வைத்த பொருளின் அணுக்கருக்கள், குறித்த வானொலி அலைக்கு மட்டும் பதில் தருகின்றன. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவே இதில் முதன்மை. நம் உடலில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தானே!

பாய்ந்தோடும் நீர்மங்களில் இந்த ஒத்ததிர்வு எப்படி மாறுகிறது என்று 1951-லேயே ஆராய்ந்து எழுதியவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த ஜி. சூரியன். நகரும் நீரைக் காந்தத்தால் அறியலாம் என்ற கருத்துக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர். நம் இளைஞர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? திரைப்பட நடிகரின் பிறந்தநாளை நாள் தவறாமல் சொல்வோம், சூரியனைத் தெரியாது!

1965-இல் ஸ்டெஸ்கலும் டானரும் நீர்மூலக்கூறுகள் எவ்வளவு அலைகின்றன என்று காந்தத் துடிப்புகளைக் கொண்டு அளக்கும் முறையை அமைத்தனர். 1973-இல் பால் லாட்டர்பர் காந்தத்தால் படம் எடுக்கலாம் என்று காட்டினார். பீட்டர் மேன்சுபீல்டு அதனை விரைவாக்கினார். இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். எண்பதுகளின் நடுவில் பிரான்சின் டெனி லெ பியான் இந்த இரண்டையும் இணைத்தார்: நீரின் அலைச்சலையே படமாக்கினார். 1990-இல் மைக்கேல் மோசுலியும் அவர் குழுவினரும் பூனையின் மூளையில் ஆராய்ந்து, வெண்பொருளில் நீரின் அலைச்சல் திசைக்குத் திசை வேறுபடுகிறது என்று காட்டினர். 1994-இல் பீட்டர் பாசர், மாட்டியெல்லோ, லெ பியான் ஆகியோர் அந்த வேறுபாட்டைக் கணக்கில் வடித்தனர். அந்தப் பத்தாண்டு முடியுமுன் கணிப்பொறித் திரையில் இழைக்கற்றைகளின் பாதை வரைகோடுகளாய் எழுந்தது. சுடெனோ கேட்ட கருவி கிடைக்க முந்நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின.

செயல்படும் விதம் எளிது. தண்ணீரில் விட்ட ஒரு சொட்டு மை எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் பரவும். நனைந்த வைக்கோற்கட்டில் விட்டால்? தாளின் நீளவாட்டில் எளிதாகப் பரவும், குறுக்கே தடைப்படும். மூளையில் அந்த மையின் இடத்தில் நிற்பது நீர். இருபதில் ஒரு பங்கு நொடியில் நீர்மூலக்கூறு அங்கே நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவே நகர்கிறது. ஆனால் இழைச்சுவரும் கொழுப்புறையும் குறுக்கே தடுப்பதால், இழையின் போக்கில் மிகுதியாக நகர்கிறது. குறைந்தது ஆறு திசைகளில் அந்த நகர்வை அளந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்கலாம். புள்ளிகளைத் தொடுத்தால் பாதை. கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்சு கதிரும் இல்லை. பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு வலிய மூன்று டெசுலா காந்தத்துக்குள், பேரொலிக்கு நடுவே அசையாமல் படுத்திருந்தால் போதும்.

கண்டதும் காணாததும்

பகுத்தறிவாளர் புகழ்ந்துவிட்டு மட்டும் போகக்கூடாது. இந்தப் படம் இழையின் புகைப்படம் அன்று. நீரின் நடமாட்டத்திலிருந்து செய்த ஊகம். ஓர் இழையின் தடிமன் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு. படத்தின் ஒரு புள்ளியோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் பல்லாயிரக்கணக்கான இழைகள். காஞ்சிபுரத்துத் தறியில் பாவும் ஊடையும்போல அவை குறுக்கும் நெடுக்குமாய்ச் செல்லும் இடங்களில் எளிய கணக்கு தடுமாறிவிடுகிறது. செய்தி எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பதையும் அது சொல்லாது.

2017-இல் இருபது ஆய்வுக்குழுக்களின் கணக்கு முறைகளை ஒரே சோதனைக்கு உள்ளாக்கினர். உண்மையான கற்றைகள் எவை என முன்பே தெரிந்த செயற்கைப் படம் அது. பெரும்பாலான குழுக்கள் உண்மைக் கற்றைகளில் பெரும்பகுதியைக் கண்டன. கூடவே, இல்லாத கற்றைகளையும் ஏராளமாக வரைந்து தள்ளின! அந்தத் தவற்றை மறைத்தார்களா? இல்லை, ஆய்வாளர்களே எழுதி உலகறிய வெளியிட்டனர். தன் தவற்றைத் தானே தேடிச் சென்று பிடிப்பது அறிவியல். ஆயிரம் ஆண்டு ஆகியும் தன் வரியில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மறுப்பது சாத்திரம்.

கிண்டியில் ஓர் ஏடு

ஊகத்தைச் சரிபார்க்க, மீண்டும் திசுவைத்தான் நாட வேண்டும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் எட்டாவது நிலையம் கிண்டி. அதற்கு அருகே சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருட்டிணன் மூளை மையம் அந்த வேலையைச் செய்கிறது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் இயங்கும் அந்த மையம், 2024 திசம்பரில் ‘தாரணி’ என்ற பெயரில் கருவிலுள்ள சிசுவின் மூளைக்கு ஒரு முப்பரிமாண வரைபட ஏட்டை வெளியிட்டது. கருவுற்ற இரண்டாம் மும்மாதக் காலத்தில் உயிரிழந்த சிசுக்களின் மூளைகளைக் காந்தப் படம் எடுத்து, பின் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, 5,132 சீவல்களைக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கின்றனர். உலகில் எவர் வேண்டுமாயினும் காசின்றித் திறந்து பார்க்கலாம். மறைவாய் ஓதி, கேட்டவன் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்ன மரபு எங்கே, கதவைத் திறந்து வைத்த இந்த ஏடு எங்கே!

எழுத்தறிவு எழுதும் எழுத்து

இத்தனை வரலாற்றுக்கும் நம் வாழ்வுக்கும் என்ன தொடர்பு? சொல்கிறோம். கொலம்பியாவில் ஆயுதம் ஏந்திக் காட்டில் இருந்தவர்கள் சிலர், போரை விட்டு நாட்டுக்குத் திரும்பிய பின், வளர்ந்த வயதில் முதன்முறையாக எழுதப் படிக்கக் கற்றனர். அவர்களையும், அவர்களைப் போன்றே வாழ்ந்து இன்னும் கல்லாதிருந்தவர்களையும் மானுவேல் கரேராசும் குழுவினரும் காந்தப் படத்தில் ஒப்பிட்டு 2009-இல் எழுதினர். கற்றவர்களிடம் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தின் பின்பகுதியில் வெண்பொருள் மிகுந்திருந்தது. அதே ஆண்டில் ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள், வளர்ந்தவர்களுக்கு ஆறு வாரம் பந்து வீசிப் பிடிக்கும் பயிற்சி தந்து, முன்னும் பின்னும் படமெடுத்து, வெண்பொருளில் மாற்றம் கண்டனர்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவுக்கு அருகிலுள்ள சிற்றூர்களில், எழுத்தறியாத வளர்ந்தோர் ஆறு மாதம் இந்தி எழுத்துப் படித்தனர். மூளையின் ஆழப் பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையே ஒத்திசைந்த இயக்கம் வலுப்பட்டதாக 2017-இல் அறிவித்தனர். அது இழையின் அமைப்பைப் பற்றியதன்று, இயக்கத்தைப் பற்றியது. ஆய்ந்தவர்கள் சிலரே என்பதும் உண்மை. ஆயினும் திசை ஒன்றே: கற்கும் மூளை மாறுகிறது, முப்பது வயதிலும் மாறுகிறது.

வகுப்பறையில் நிற்கும் நாம் இதை மறக்க முடியாது. “இவன் மண்டையில் ஏறாது” என்று ஒரு சிறுவனைப் பின்வரிசைக்குத் தள்ளும் ஒவ்வொரு முறையும், தலையெழுத்துக் கதையைத்தான் வேறு சொல்லில் சொல்கிறோம். நெற்றிப்புற வெண்பொருள் இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பதின்மூன்று வயதில் தீர்ப்பு எழுத நாம் யார்?

புதிய பூசாரிகள்

ஆனால் பழைய வியாபாரம் புதிய பலகை மாட்டிக்கொண்டது. “நடுமூளையை விழிக்கச் செய்கிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம்” என்று வகுப்பு நடத்திப் பணம் பறித்தனர். மூக்கருகே கட்டின் இடுக்கில் எட்டிப் பார்த்துப் படிக்கும் பழைய வித்தை அது என்று பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராய்ச் சென்று மெய்ப்பித்தனர். விரல் ரேகையைப் பார்த்து மகன் மருத்துவனா பொறியாளனா என்று சொல்வோரும் உண்டு. கைரேகை சோதிடன் கணிப்பொறி வாங்கிவிட்டான், அவ்வளவே!

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று. 2019-இல் ஐதராபாத்து ஆய்வாளர்கள் நூறு இந்தியரின் காந்தப் படங்களைக் கொண்டு மூளை வரைபட ஏடு ஒன்றை உருவாக்கினர். மேலைநாட்டாரையும் சீனரையும்விடச் சராசரி இந்திய மூளை அளவில் சற்றுச் சிறியது என்றனர். நோயாளியின் மூளை சுருங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும்போது, வேற்றுநாட்டு அளவோடு ஒப்பிட்டுத் தவறக்கூடாது என்பதற்கான ஏடு அது. பயனுள்ள பணி. ஆனால் ரிஸ்லியின் வாரிசுகள் கையில் கிடைத்தால், இதையே அறிவின் அளவாக்கித் தராசு பிடிப்பார்கள். உயரமானவனின் செருப்பு பெரிதாக இருப்பதால் அவன் நேர்வழியில் நடக்கிறான் என்று பொருளா?

ஆகவே, இளைஞர்களே, வண்ண வண்ணமாய் ஒரு மூளைப் படத்தைக் காட்டி எவரேனும் ஒன்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்தாய்? எத்தனை பேரிடம் அளந்தாய்? அளந்ததற்கும் சொல்வதற்கும் நடுவே உள்ள படிகள் எவை? புரோகிதனிடம் இதைக் கேட்டிருந்தால் தலையெழுத்து அன்றே அழிந்திருக்கும். ரிஸ்லியிடம் கேட்டிருந்தால் மூக்களவு அன்றே முறிந்திருக்கும்.

பெருஞ்சாலை நெடுகத் தாம்பரம் முதல் கிண்டி வரை இன்று படமெடுக்கும் நிலையங்களின் பலகைகள் தொங்குகின்றன. உள்ளே படுப்பவர் எக்குலத்தவராயினும், காந்தம் தேடுவது அவர் உடலின் நீரைத்தான். அந்த நீர் எந்த இழை வழியே ஓடுகிறதோ, அந்த இழையைச் செழிக்கச் செய்ய உணவும் உறக்கமும் நூலும் ஆசிரியனும் வேண்டும். அவை கிடைக்காத பிள்ளைகள் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் தலையெழுத்தைக் காட்டாதீர்கள்; எழுத்தைக் காட்டுங்கள்!